கோணிக்குள் ராத்திரி

பவானிசாகரில் தண்ணி இறங்கி
சேறு பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்த மாதம்.
மூக்கைக் கரையில் ஏற்றி நின்றது படகு.
வாலில் எட்டுக் குதிரைச் சக்தி மோட்டார்
யாரோடும் பேச மாட்டேன் என்பது போல.

நான் புளியம்பட்டியில் டூவீலர் பார்ப்பவன்.
மருந்தடிக்கிற மிசின் பார்த்திருக்கிறேன்,
கரும்புக்காட்டு டீசல் இஞ்சின் பார்த்திருக்கிறேன்.
தண்ணியில் ஓடுவதைத் தொட்டதில்லை.
"இஞ்சின்னா இஞ்சின்தானுங்களே, வாங்க"
என்று போனில் அதட்டியவள் மாரக்காள்.
பாதிப் படகு அவளுடையது.
மீதிப் பாதி கொழுந்தன் வெள்ளியங்கிரியுடையது.

மூடியைக் கழற்றினேன்.
பெட்ரோல் குழாயைப் பிடுங்கி
டேங்கைத் தூர வைத்தேன்.
பிளக்கைத் திருகி எடுத்து, கரி துடைத்து,
தொப்பியைத் திரும்ப மாட்டி
அதன் மரையை இஞ்சினின் வெறும் இரும்பில் சாய்த்தேன்,
காய்ச்சல் பார்க்கப் புறங்கையை வைப்பது போல.

"இழுங்க."
இழுத்தாள்.
கயிறு விர்ரென்று போய் விர்ரென்று திரும்பியது.
சித்திரை வெயில்.
பொறி வந்ததா வரவில்லையா, சாமிக்குத்தான் தெரியும்.

மீன் கவிச்சி அடிக்கிற கோணி ஒன்றை
உதறி என் தலைமேல் போட்டாள்.
உச்சிப் பொழுதில்
ஒரு மரக்கால் ராத்திரி.
அதற்குள் நானும் பிளக்கும்.
வெளியே பகலில் நின்று அவள் கேட்கிறாள்:
"தெரியுதுங்களா?"

நகக்கண் அகலம்கூட இல்லாத இடைவெளி.
நீலமாய் ஒரு சொட்டு விழ வேண்டிய இடம்.
இழுத்தாள்.
இல்லை.
புதுப் பிளக் போட்டு இழுத்தாள்.
இல்லை.
ஒன்பதாம் தடவைக்கு மூச்சு வாங்கினாள்.
"சக்கரையப் போட்டுட்டானுங், டேங்குல.
எனக்கு அப்பவே தெரியும்."

சர்க்கரைக்கும் பொறிக்கும் சம்பந்தமில்லை என்று
கோணிக்குள்ளிருந்தே சொன்னேன்.
கறுப்பு வயர் ஒன்றை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
அது போய்ச் சேர்ந்த சிவப்புப் பொத்தானில்
ஒரு கிளிப் இருக்க வேண்டிய வாய்
பொக்கையாய்க் கிடந்தது.
வயரைக் கழற்றினேன்.
"இன்னொருக்கா."

கண்ணுக்கு முன்னால் முழங்கைக்குத் தெரிந்துவிட்டது.
விரல் தொப்பியை ஒட்டி இருந்திருக்கிறது.
கோணியோடு சேர்ந்து குதித்தேன்.
அடுத்த இழுப்பில் ஒழுங்காகப் பிடித்துப் பார்த்தேன்:
டிக், டிக்,
கத்தரிப்பூ நீலம்.

மோட்டாருக்கு ஒரு நோவும் இல்லை.
யாரோ நில் என்றிருக்கிறார்கள்.
நின்றுகொண்டிருக்கிறது.

"இங்க ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருந்திருக்குமே?"
"அது வெள்ளியங்கிரி சட்டைப் பையில இருக்குதுங்.
சண்டை போட்டுட்டுப் போறப்ப
உருவிட்டுப் போனான்.
சும்மா அழகுக்குன்னு நெனச்சேன்."
ஓட்டுகிறவர் கையில் கட்டிக்கொள்வது,
ஆள் தண்ணியில் விழுந்தால் கிளிப் கழன்று
மோட்டார் தானே நின்றுவிடும் என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அப்புறம் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு.
"அப்ப மோட்டாரை ஒண்ணுமே பண்ணலையாட்ட இருக்குது.
பதினாறு நாளா ஊரெல்லாம் சொல்லிட்டேனுங்களே,
சக்கரை சக்கரைன்னு."

வயரை இப்படியே விட்டுவிட்டால் ஓடும் என்றேன்.
நிறுத்த மட்டும் வேறு வழி பார்க்க வேண்டும்.
வேண்டாம் என்றாள்.
"முன்ன இருந்தாப்டியே மாட்டிடுங்க.
நாம்போயிக் கேக்கறேன்."

மாட்டினேன்.
மோட்டார் மறுபடி ஊமையானது.
வேலை செய்கிற ஒன்றை
வேலை செய்யாதபடி ஆக்கிவிட்டு
கூலி வாங்கியது அன்றைக்குத்தான்.
நூற்றைம்பது கேட்டேன்.
நூறு ரூபாயும்
இரண்டு ஜிலேபிக் கெண்டையும் தந்தாள்.

கரையேறி வேலமரத்துப் பக்கம் நடந்தாள்.
பாதி தூரம் போய்த் திரும்பி வந்தாள்.
மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன்.
செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டாளாம்.
போட்டுக்கொண்டு
மறுபடி நடந்தாள்.